முன்கண்ணாடியைப் பற்றி மகனுக்கு

அப்புத்தளை

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய அவா. நீ அனுப்பிய குரல் பதிவை உன் தங்கை திரும்பத் திரும்பப் போட்டு, எனக்குக் கேட்காத சொற்களைத் தன் வாயாலும் சொல்லிக் காட்டினாள். மோட்டார் சைக்கிளின் வேகம் நூறைத் தாண்டியதும் காற்று தலையைப் பிடித்து உலுப்புவதாகவும், பார்வை அதிர்ந்து தெருவின் வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிவதாகவும், இறங்கிய பிறகும் வெகுநேரம் காதில் இரைச்சல் நிற்பதாகவும் சொல்லியிருக்கிறாய். அவுஸ்திரேலியாவில் பேர்த்திலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டரையும் அந்த மோட்டார் சைக்கிளிலேயே போகப் போவதாக அதே மூச்சில் சொல்கிறாய். காதில் இரைச்சல் என்று கேட்ட பிறகு வேறெதுவும் என் மனதில் தங்கவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் தேவலை, சமையலறைக் கூரைத் தகரம் மாற்றியாயிற்று. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

பேராதனையில் பொறியியல் படித்தவனுக்குக் காற்றைப் பற்றி நான் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தொட்டிகளின் விசிறிகளைக் கழற்றிப் பூட்டியே என் உத்தியோகம் முடிந்தது என்பதால், இந்த ஒரு விடயத்தில் எனக்கும் சொல்ல இருக்கிறது. விசிறியின் வாய்க்கு அருகில் காற்று திமிறிச் சுழன்று வரும். தொட்டியின் நடுவில் அதே காற்று நேராக எழும். வாய்க்கு அருகிலிருக்கும் கொழுந்து ஓரிடத்தில் காய்ந்தும் ஓரிடத்தில் பச்சையாகவும் நிற்கும். பலமான காற்றை வைத்துக்கொண்டு நல்ல வேலை வாங்கலாம், குழம்பிய காற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உன் தலையை உலுப்புவதும் இந்தக் குழம்பிய காற்றுதான். வண்டியின் முன்னால் காற்றை மறைக்க நிற்கும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டும்போது காற்று கிழிபட்டுச் சுழல்களாகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்திருப்பதால் அந்தச் சுழல்கள் கீழே இழுபடுகின்றன. அவை வந்து அடிக்கிற உயரத்தில் உன் தலைக்கவசம் இருக்கிறது.

இதை நான் வெறும் ஊகமாக எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளுக்கும் இப்போது உயரமான கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஆடி மாதத்துக் காற்று மலை விளிம்பில் எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். எதிர்க்காற்று நாற்பதில் வரும்போது அறுபதில் ஓட்டினால் கண்ணாடிக்கு அது நூறுதான். அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மருமகள் இங்கே வந்திருந்தபோது பின்னிக்கொண்டிருந்து பாதியில் விட்டுச் சென்ற நீலக் கம்பளி நூலிலிருந்து விரல் நீளத்துக்குச் சில துண்டுகள் வெட்டி, கண்ணாடியின் விளிம்பிலும் உட்புறத்திலும் பையனின் தலைக்கவசத்திலும் ஒட்டியிருந்தேன். விளிம்பில் ஒட்டிய நூல்கள் பின்னோக்கி நீண்டு படபடத்தன. உட்புறத்தில் ஒட்டியவையோ, எங்களை விட்டு விலகிக் கண்ணாடியை நோக்கி முன்புறமாகப் படுத்துக் கிடந்தன. பின்னாலிருக்கும் காற்று ஓட்டுபவனின் முதுகைத் தள்ளிக்கொண்டு முன்னே ஓடுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மழையில் முதுகு நனைகிறதென்றும் கண்ணாடியின் உட்பக்கம் துளி படிகிறதென்றும் நீ ஒருமுறை சொன்னாயே, காரணம் இதுவே. (மீதி நூலை உருண்டையாகவே பத்திரமாக வைத்திருக்கிறோம்.)

ஆகவே முதலில் சோதித்துப் பார், பிறகு பணத்தைச் செலவழி. இன்னும் உயரமான கண்ணாடிக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சோதிக்காமல் எதையும் மாற்றக்கூடாது என்று சின்ன வயதிலேயே உனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைவு. வாகனம் இல்லாத நேரான தெருவில், உலுப்பல் தொடங்கும் வேகத்தில் சீராகப் போய்க்கொண்டே மிதிகட்டையில் சற்று எழுந்து நில். தலை அமைதியாகி, இரைச்சல் தெளிந்த ஒரே ஓசையாக மாறினால், மேலே நல்ல காற்று இருக்கிறது என்று பொருள். பிறகு குனிந்து பார். அங்கும் அமைதியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சுழல் பட்டையில் நீ உட்கார்ந்திருக்கிறாய். எழும்போது உடனே தெளிகிறது என்றால் கண்ணாடியைத் தாழ்த்து: நெஞ்சுக்கு மறைப்பும் தலைக்கு நேரான காற்றும் கிடைக்கும். கொஞ்சம் குனிந்தாலே தெளிகிறது என்றால் மாத்திரம் உயர்த்து. உயர்த்தினாலும் விளிம்பு மூக்கு மட்டத்தைத் தாண்டக்கூடாது. மழையிலும் இரவிலும் கண்ணாடிக்கு மேலாகத்தான் தெருவைப் பார்க்க வேண்டும், அதனூடாக அல்ல. பெரிய கண்ணாடி பின்னால் பெரிய வெற்றிடத்தை உண்டாக்கும் என்பதால், உயரத்தைக் கூட்டிக்கூட்டி உலுப்பலையும் கூட்டிக்கொண்டவர்கள் பலர்.

எனக்கு இதைவிடப் பிடித்தது செலவில்லாத வழி. கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கொஞ்சம் நீளமானவையாக மாற்றி, இடையில் வொஷர்களைப் போட்டு, கண்ணாடியின் அடிப்பகுதிக்கும் முன்முகப்புக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடு. கீழிருந்து நுழையும் காற்று அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டால், மேலிருந்து வருவது கீழே இழுபடாது. பையனின் வண்டியில் இதைச் செய்ததும் உட்புற நூல்கள் தொங்கிவிட்டன, முன்னுக்கு ஓடவில்லை. அதுவும் போதாவிட்டால் மேல்விளிம்பில் கவ்விக்கொள்கிற சிறிய தகடு விற்கிறார்கள். அதன் சாய்வை ஒவ்வொரு பாகையாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய், செய்ததைக் குறித்து வை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் எரிபொருள் டாங்கிக்கும் இடையிலிருந்து மேலெழும் காற்றையும் மறந்துவிடாதே. சிலருக்குக் கண்ணாடியைவிட அதுவே எதிரி. தலைக்கவசத்தில் வெயில் மறைப்பு நீட்டிக்கொண்டிருந்தால் கழற்று. கன்னத்தில் தளர்வாக இருக்கும் தலைக்கவசம் எந்தக் கண்ணாடி போட்டாலும் ஆடும்.

இப்போது காதுக்கு வருகிறேன். வேலைத்தலத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல்தான் எல்லை என்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் நல்ல தலைக்கவசத்தினுள்ளும் ஓசை 90ஐத் தாண்டிவிடும். உலுப்பல் நின்றாலும் அது நிற்காது, ஆகவே காதடைப்பான் போடு. மென்மையான நுரையாலானது, உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துக்கொண்டு செருகி, விரியும் வரை விரலால் பிடித்திரு. ஹோர்ன் ஓசை அதற்குள்ளும் கேட்கும். தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் உருளை அறையில் எங்களுக்கு அதை யாரும் தரவில்லை, கேட்கத் தெரிந்தவர்களும் எங்களில் இருக்கவில்லை. போன காது திரும்பி வராது. சென்ற மாதம் தொலைபேசியில் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று உன்னிடம் கேட்டேன். அதன் பிறகு வெகுநேரம் எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீ ஏதாவது பதில் சொல்லி அது என் காதில் விழவில்லையா என்று உன் தங்கையிடம் விசாரித்தேன். அவள் அப்போது அறையில் இல்லையாம். ஆகவேதான் தொலைபேசியை நம்பாமல் கடிதம் எழுதுகிறேன். காதடைப்பான் போடு.

பாரத்தைப் பற்றியும் யோசித்தேன். நீ அனுப்பிய படத்தில் பின்னாசனத்தின் மேல் பெரிய பெட்டியொன்று கட்டப்பட்டிருக்கிறது, ஒரே ஒரு தலைக்கவசம்தான் தெரிகிறது. பின்னால் உயரத்தில் பாரம் ஏறினால் முன்சக்கரத்தின் பிடிப்புக் குறைந்து, உலுப்புகிற காற்றில் ஹேண்டிலும் ஆடத் தொடங்கும். பாரமானவற்றைப் பக்கப் பைகளில், கீழே, முன்னால் தள்ளி வை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் தலையின் ஆட்டம் கை வழியாக வண்டிக்குப் போகும். முழங்கால்களால் டாங்கியைப் பிடித்துக் கைகளைத் தளர்த்து. ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னாலிருக்கும் காற்று வேறாகும், பின்னாலிருப்பவரின் தலை சற்று உயரத்தில் இருப்பதால் உனக்குச் சரியான கண்ணாடி அவருக்குத் தொல்லையாகும், சஸ்பென்ஷன் அமுங்கி வண்டியின் மூக்கு உயர்வதால் கண்ணாடியின் சாய்வும் மாறும்.

அந்த நல்லார்பர் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத தெரு இருக்கிறதாமே. பெரகலச் சரிவில் என் பழைய ஹொண்டா சி.டி. 125இல் முன்னால் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தவன் அங்கே தனியாக ஓட்டப் போகிறான் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். பல பெட்டிகளை இழுத்து வரும், 30 மீட்டருக்கு மேல் நீளமான ரோட் ட்ரெயின் லொறிகள் எதிரில் வரும்போது, நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால், உன் வழித்தடத்தின் இடப்பக்கமாக ஒதுங்கு. முதலில் காற்று உன்னைத் தள்ளும், கடந்ததும் இழுக்கும். அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே. அங்கே அடிப்பது லொறி உடைத்த காற்று, அதை உன் கண்ணாடியின் குறையென்று எண்ணி மறுபடி ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருக்காதே. எல்லாம் செய்தும் உலுப்பினால் வேகத்தைக் குறை. 110இலிருந்து 90க்கு வந்தாலே காற்றின் விசை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடிலெய்டு எங்கும் ஓடிவிடாது. காதடைப்பான் போடு என்று எழுதினேனா?

உட்கார்ந்த நிலையில் ஆசனத்திலிருந்து உன் கண் மட்டம் வரை உயரத்தையும், கண்ணாடியின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, உன்னிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதி அனுப்பு. நாடா இல்லாவிட்டால் சாணால் அளந்தாலும் போதும், உன் சாண் எனக்குத் தெரியும். ஒருவருக்கா இருவருக்கா கணக்குப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடு. எதுவென்றாலும் எழுது, தாளில் இருந்தால் நானே வாசித்துக்கொள்வேன்.

உன் அன்புள்ள
அப்பா