ஞாயிறு படகு: வர்றவங்க படிச்சிட்டு வாங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு படகுல கடலுக்குப் போய்த் தூண்டில் போடுறோம். அன்னைக்கு அஷ்டமி. அமாவாசை, பௌர்ணமி சமயத்துல மும்பை கடல்ல நீரோட்டம் இழுக்குற இழுப்புல தூண்டில் ஈயக்குண்டு தரையில நிக்காது. அஷ்டமி ஒட்டி ஓட்டம் தணியும். அதான் இந்த நாள். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்துல வீட்ல உக்காந்து தூண்டிலுக்கு எண்ணெய் போட்டதுக்குப் பலன் கிடைக்கட்டும்.

காலை 5:30க்கு வெர்சோவா படகுத்துறை. சயான், தாராவி ஆளுங்க சேர்ந்து டாக்சி பிடிச்சிக்கோங்க. பத்துப் பேர்தான், ஆளுக்கு 2500 ரூபாய். ஏழு பேர் பணம் போட்டாச்சு. இரை, ஐஸ், டீ எல்லாம் அதுல அடக்கம்.

போன தடவை ஒரு அண்ணன் பூரிக்கிழங்கு சாப்பிட்டு ஏறி, அரைமணி நேரத்துல அத்தனையும் மீனுக்கே படையல் போட்டார். இட்லி ரெண்டு போதும். வாந்தி மாத்திரைய ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போட்டுடுங்க, கடல்ல போய் முழுங்கினா பிரயோசனம் இல்ல.

காலா (இங்க ராவஸ்) கிடைச்சா அதிர்ஷ்டம். கெளுத்தி கண்டிப்பா வரும். முள்ளு குத்தினா தாங்குற சூட்டு வெந்நீர்ல கையை வைங்க, அதுக்குன்னே ஒரு பிளாஸ்க் எடுத்துட்டு வர்றேன். சின்ன மீனை உடனே திருப்பி விட்டுடணும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டக்கூடாது, நீச்சல் தெரிஞ்சாலும். காத்து எழும்பிட்டா தாண்டேல் (படகு ஓட்டுற தலைவர்) சொல்றதுதான் முடிவு. நம்மூர் தண்டேல் மாதிரியேதான், எதிர்த்துப் பேசாதீங்க. பயணம் ரத்தானா பணம் முழுசாத் திரும்ப வரும்.

மீதி மூணு இடம். வெள்ளி ராத்திரிக்குள்ள சொல்லுங்க.