ஓடும் வண்டியிலிருந்தே பாயிண்ட் மாற்ற: டிராம் தடம் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

புதிய டிராம் தடங்களுக்கு விவரக்குறிப்பும் ஒப்பந்தப்புள்ளியும் எழுதும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஓட்டுநர் இறங்காமல், வண்டியை நிறுத்தாமல், இருக்கையில் இருந்தபடியே பாயிண்ட்டை (தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள மாற்றியை) மாற்றும் வசதி வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும் விவரக்குறிப்புகளை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். தடப் பராமரிப்பு, சிக்னல், வண்டி ஓட்டம் ஆகிய மூன்று பக்கத்திலிருந்தும் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாக்கை, அதாவது பாயிண்ட்டில் அசையும் கூர்நுனித் தண்டவாளத்தை, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளுவது இதில் மிகச் சிறிய வேலை. தள்ளிய நாக்கு பக்கத் தண்டவாளத்தோடு முழுக்க ஒட்டியதா, வண்டியின் கடைசிச் சக்கரம் தாண்டும்வரை அது அசையாமல் இருக்குமா, இந்த இரண்டும் ஓட்டுநருக்குப் பிரேக் பிடிக்க இடம் இருக்கும்போதே தெரிகிறதா என்பவைதான் உண்மையான கேள்விகள். இவற்றுக்கு விவரக்குறிப்பில் பதில் இல்லையென்றால், நீங்கள் வாங்குவது தடம் புரட்டும் இயந்திரம்.

பழைய முறையிலிருந்து தொடங்குகிறோம், ஏனெனில் அதன் குறைகள் இன்றைய மின்னணுக் கருவிகளிலும் வேறு உருவில் தொடர்கின்றன. தொடக்கத்தில் ஓட்டுநரோ நடத்துநரோ இறங்கி, நுனி தட்டையான இரும்புக் கம்பியால் நாக்கை நெம்புவார். வண்டியின் தரை வழியாகக் கீழே இறக்கும் கம்பியால் ஓட்டத்திலேயே நாக்கைத் தள்ளும் அமைப்புகளும் வந்தன. சாலைத் தூசி, பனி, அதிர்வு மூன்றையும் தாங்கி, கம்பியின் முனை ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் பட வேண்டும் என்பதே அவற்றின் பலவீனம். பிறகு நெடுங்காலம் நின்றது மேல்கம்பித் தொடர்பு முறை. பாயிண்ட்டுக்குச் சில மீட்டர் முன்னால், மின்கம்பியை ஒட்டிக் காப்பிட்ட உலோகப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். வண்டிக் கூரையிலிருந்து மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் டிராலிச் சக்கரமோ பேண்டோகிராஃபோ அதைத் தொட்டுச் செல்லும்போது வண்டி மோட்டாருக்கு மின்னோட்டம் இழுத்துக்கொண்டிருந்தால், தரைப் பெட்டியில் உள்ள ஒரு சொலினாய்டு (மின்காந்தச் சுருள்) நாக்கைக் கிளைப் பக்கம் இழுக்கும். மின்சாரத்தை விட்டு வண்டியை உருளவிட்டால், மற்ற சொலினாய்டு நேர்த்தடத்துக்குத் தள்ளும். வண்டியில் கூடுதலாக ஒரு கருவியும் வேண்டாம், வேக இயக்கியைப் பிடித்திருக்கும் கையே போதும். அழகான ஏற்பாடு.

ஆனால் அது கேட்டது ஓட்டுநரின் எண்ணத்தை அல்ல, மின்னோட்டத்தின் அளவை. நேராகப் போக வேண்டிய வண்டி போக்குவரத்து விளக்குக்காகச் சரியாக அந்தப் பட்டையின் கீழ் நின்றுவிட்டால், கிளம்புவதற்கே மின்சாரம் எடுத்தாக வேண்டும். எடுத்த கணம் நாக்கு கிளைக்குத் திரும்பிவிடும். 1936-இல் அமெரிக்காவில் ஓடத் தொடங்கிய பிசிசி (PCC) வகை டிராம் வண்டிகளில் உள்ள மோட்டார்-ஜெனரேட்டர் வண்டி உருளும்போதும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னாளில் வெப்பமூட்டியும் குளிர்சாதனமும் சேர்ந்தன. ஆகவே துணைக் கருவிகளின் மின்னோட்டத்துக்கு மேலும், மெல்லக் கிளம்பும் வண்டியின் மின்னோட்டத்துக்குக் கீழும் சொலினாய்டின் வரம்பை வைக்க வேண்டியிருந்தது. வண்டிக்கு வண்டி இந்த இடைவெளி சுருங்கியது. இரண்டு பேண்டோகிராஃப் உயர்த்திய இணைவண்டிகளில், பின்னது பட்டையைத் தொடும்போது முன்போகி (வண்டியின் முன்பக்கச் சக்கரச் சட்டகம்) ஏற்கெனவே நாக்கைத் தாண்டியிருக்கும். அப்போது நாக்கு மாறினால் முன்போகி ஒரு தெருவிலும் பின்போகி இன்னொரு தெருவிலும் போகும். நடு உடல் சாலையின் குறுக்கே நிற்கும்.

இன்று வண்டியின் முன்பகுதிக்கு அடியில் ஒரு சுருளும் சாலைக்குள் புதைத்த லூப்பும் (கம்பி வளையமும்) பேசிக்கொள்கின்றன. தட எண், வண்டி எண், இடம் வலம் நேர் என்ற கோரிக்கை எல்லாம் ஒரு சிறு செய்தியாகப் போகின்றன. மின்னோட்டத்தை வைத்து ஓட்டுநரின் எண்ணத்தை ஊகிக்கும் தொல்லை ஒழிந்தது. ஆனால் மாற்றுவழியில் திருப்பிவிடப்பட்ட நாளில் வண்டிக் கணினி வழக்கமான தடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். எனவே ஓட்டுநரின் பொத்தான் எப்போதும் கணினியை மீற வேண்டும், எந்தக் கோரிக்கை போகிறது என்பது அவர் முன்னால் எரிந்து காட்ட வேண்டும். இதைத் தனிப் பிரிவாகவே எழுதுங்கள்.

அடுத்தது லூப்பை எங்கே புதைப்பது என்பது. பழைய மேல்கம்பிப் பட்டை இருந்த இடத்திலேயே லூப்பைப் புதைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு கணக்குப் போடுங்கள். கோரிக்கையைப் படித்து, பாயிண்ட் காலியா என்று பார்க்க அரை நொடி. நாக்கு நகர ஒரு நொடி. நிலையை உறுதிசெய்து விளக்கு எரிய அரை நொடி. மொத்தம் 2 நொடி. அதன்பின் விளக்கைப் பார்த்து ஓட்டுநர் முடிவெடுக்க 1.5 நொடி. பிறகு நொடிக்கு நொடி 1.2 மீட்டர் என்ற சாதாரண வேகத்தணிப்பில் நிற்கும் தூரம். 15 கி.மீ. வேகத்தில் இவை முறையே சுமார் 8.3, 6.3, 7.2 மீட்டர், ஆக நாக்கு நுனிக்கு 22 மீட்டர் முன்பே லூப் இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் அதே கணக்கு 44 மீட்டரைத் தாண்டும். ஈரத் தண்டவாளத்தில் வேகத்தணிப்பு 0.8 ஆகக் குறைந்தால் 54 மீட்டர். லூப்பைப் பத்து மீட்டரில் புதைத்துவிட்டு 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்று எழுதினால், அந்த விளக்கு ஓட்டுநருக்குத் தகவல் தருவதில்லை. நடக்கப்போவதை முன்கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தூரத்தைக் கூட்டினால் வேறொரு சிக்கல் கிளம்புகிறது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. 44 மீட்டர் இடைவெளியில் 30 மீட்டர் நீள வண்டி ஒன்று போக்குவரத்து விளக்குக்காக நிற்கும்போது, அடுத்த வண்டி லூப்பின் மேல் வந்து தன் கோரிக்கையை அனுப்பிவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதை உடனே நிறைவேற்றினால் முன்வண்டி தவறான தடத்தில் போகும். வரிசையில் சேமித்து வைத்தால், முன்வண்டி பழுதாகிப் பின்வாங்கும் நாளில் வரிசை ஒன்று தள்ளிப்போய், அதன்பின் வரும் ஒவ்வொரு வண்டியும் பிறர் கோரிக்கையில் போகும். எங்கள் பரிந்துரை இரண்டு லூப்: தொலைவில் ஒன்று, ஓட்டத்திலேயே மாற்ற, நுனிக்கு அருகில் ஒன்று, நின்ற வண்டி மறுபடி கேட்க. முன்வண்டி பாயிண்ட்டைக் கடக்கும்வரை தொலை லூப்பின் புதுக் கோரிக்கை ஏற்கப்படக் கூடாது. ஏற்கப்படவில்லை என்று பின்வண்டி ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். அவர் அருகு லூப்புக்கு வந்து கேட்டுக்கொள்வார். சில நொடிகள் போகும், போகட்டும்.

பூட்டு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலையைக் குறைப்பவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். வண்டி நாக்கின் மேல் இருக்கும்போது மாறாமல் தடுக்க, சிலர் நேரக்கணிப்பு ரிலே ஒன்றை வைக்கிறார்கள்: கோரிக்கை வந்து இத்தனை நொடி பூட்டு, பிறகு திறப்பு. நெரிசலில் முன்னால் நிற்கும் லாரிக்காக டிராம் நாக்கின் மேலேயே இரண்டு நிமிடம் நிற்கும். ரிலேக்கு அது தெரியாது. நேரம் முடிந்தது, பூட்டு திறந்தது, பின்வண்டி கோரிக்கை அனுப்பியது, நாக்கு நகர்ந்தது. ஆகவே நேரத்தை வைத்துப் பூட்டுத் திறப்பதை விவரக்குறிப்பிலேயே தடைசெய்யுங்கள். வண்டி இருக்கிறதா இல்லையா என்பதை வண்டியை வைத்தே அறிய வேண்டும்.

அதற்கும் ஒரே ஒரு உணர்வி போதாது. தண்டவாளங்களில் மின்சாரம் செலுத்தி வண்டியை உணரும் தண்டவாளச் சுற்று, சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைப்பதை நம்பி நிற்கிறது. பிடிப்புக்காகத் தூவிய மணல் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சிக்கினால் வண்டி அதன் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதோடு, நீள வண்டிகளில் இரண்டு போகிகளுக்கு இடையிலுள்ள தூரம் சுற்றின் நீளத்தைவிட அதிகமானால், முன்போகி வெளியேறி பின்போகி இன்னும் நுழையாத அந்த இடைவெளியில் சுற்று காலி என்று காட்டும். வண்டியின் நடு உடல் அப்போது பாயிண்ட்டின் மேல் இருக்கிறது. எனவே சுற்றின் நீளம், அந்தத் தடத்தில் ஓடவிருக்கும் மிக நீண்ட வண்டியின் அடுத்தடுத்த அச்சுகளுக்கு இடையிலான உச்சத் தூரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். எதிர்காலத்தில் வாங்கவிருக்கும் வண்டியையும் கணக்கில் சேருங்கள். வண்டிப் பிரிவும் தடப் பிரிவும் தனித்தனியே ஒப்பந்தம் போடும்போது இந்த எண் யாரிடமும் இருப்பதில்லை. சுற்றோடு, வண்டியின் உலோக உடலை உணரும் லூப்பையோ அச்சு எண்ணியையோ இணையுங்கள். இரண்டில் எந்த ஒன்று வண்டி இருக்கிறது என்று சொன்னாலும் பூட்டு. இரண்டும் காலி என்றால் மட்டுமே திறப்பு. பூட்டுப் பகுதி நாக்கு நுனியில் தொடங்கினால் போதாது. நாக்கு நகரும் ஒரு நொடியில் 15 கி.மீ. வேக வண்டி 4 மீட்டருக்கு மேல் வந்துவிடும். நுனிக்குக் குறைந்தது 6 மீட்டர் முன்பே அது தொடங்கட்டும்.

இனி நாக்கின் நிலை. புளியங்கொட்டை அளவு ஜல்லி ஒன்று நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே விழுந்தால் போதும்: மோட்டார் தன் தள்ளலை முடித்துவிடும், தண்டு ஓரளவு வளைந்து கொடுக்கும், நுனி சில மில்லிமீட்டர் திறந்தே நிற்கும். சக்கர விளிம்பு அந்த இடுக்கில் நுழைந்தால் நாக்கின் தவறான பக்கத்தில் போகும். மோட்டாரின் தண்டில் உணர்வி வைத்த அமைப்பு இதைச் சரி என்றே சொல்லும். தண்டையும் நாக்கையும் பிணைக்கும் இணைப்பு ஊசி முறிந்து தண்டு மட்டும் நகர்ந்து நாக்கு பழைய இடத்திலேயே கிடந்தாலும் அப்படியே சொல்லும். உணர்வி நாக்கோடு நேரடியாகப் பிணைந்திருக்க வேண்டும். இரட்டை நாக்கு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. ஓட்டுநருக்கான விளக்கு கோரிக்கையைக் காட்டக் கூடாது, உறுதியான நிலையை மட்டும் காட்ட வேண்டும். நிறத்தைவிடச் செங்குத்து, இடச்சாய்வு, வலச்சாய்வுக் கோடுகள் வெயிலிலும் நன்றாகத் தெரியும். அணைந்த விளக்குக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்: நில்.

இந்த உறுதியும் பூட்டும் இல்லாத இடத்தில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. ஜெர்மனியில் பூட்டப்படாத பாயிண்ட்டை நுனிப் பக்கத்திலிருந்து கடக்க 15 கி.மீ. உச்சவரம்பு. ஒற்றை நாக்குப் பாயிண்ட்டுகள் (ஒரு பக்கத் தண்டவாளத்தில் மட்டும் நாக்கு உள்ளவை) மிகுந்த கனடாவின் டொரான்டோவில், நுனிப் பக்கமாக வரும் ஓட்டுநர் நிறுத்தி, நாக்கைக் கண்ணால் பார்த்து, 10 கி.மீ. வேகத்தில் கடப்பதே நடைமுறை. ஓடும் வண்டியிலிருந்து மாற்றும் கருவியை வாங்கிவிட்டு, நம்ப முடியாததால் ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொல்வதைவிட வீண்செலவு வேறில்லை. கிளைகளிலிருந்து வரும் வண்டி சக்கரத்தாலேயே நாக்கைத் தள்ளித் திறக்கும். அதற்கு வில்லும் அதிர்வுத் தணிப்பானும் போதும், தள்ளி முடிந்ததும் நிலையை மறுபடி சரிபார்க்கும்படி மட்டும் கேளுங்கள்.

அடுத்து, நாக்கை நகர்த்தும் இயந்திரம் இருக்கும் தரைப் பெட்டி. எந்த மின்னணுவும் இதைக் காப்பாற்றாது. தண்டவாளப் பள்ளம் ஊரின் குப்பையையெல்லாம் வாரிக்கொண்டு வந்து பாயிண்ட்டில் கொட்டும்: மணல், இலை, பாட்டில் மூடி, பிரேக் தூள். பெட்டிக்கு 100 மில்லிமீட்டருக்குக் குறையாத வடிகுழாய் வேண்டும், நேரே சாக்கடைக்குச் சாய்வாக. நடுவில் திறந்து தூர்வாரும் குழியும் வேண்டும். வடிகால் கட்டுமான ஒப்பந்தத்திலும் இயந்திரம் சிக்னல் ஒப்பந்தத்திலும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் குழாயே இருக்காது. முதல் பெருமழையில் சுருள் நீரில் மூழ்கி, மின்காப்பு இறங்கி, ஃபியூஸ் போகும். நாக்கு சறுக்கும் தகடுகளுக்குக் கெட்டியான கிரீஸ் பூசாதீர்கள், அது மணலைப் பிடித்து அரம் போல் அறுக்கும். கிராஃபைட் கலந்த மெல்லிய எண்ணெய் போதும். நெரிசலான சந்திப்புகளில் நாள்தோறும் சுரண்டிச் சுத்தம் செய்ய ஆளும் நேரமும் இயக்கச் செலவில் எழுதியிருக்க வேண்டும்.

கைக்கம்பியை வண்டியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஆனால் கம்பியைச் செருகிய உடனே மோட்டாரின் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். ஓட்டுநர் குனிந்து நெம்பும்போது பின்வண்டியின் கோரிக்கை வந்து நாக்கு பாய்ந்தால் மணிக்கட்டு போய்விடும்.

ஏற்புச் சோதனையைக் காகிதத்தில் முடிக்காமல் தடத்தில் நடத்துங்கள். நாக்கு நுனியில் 4 மில்லிமீட்டர் தகடு வைத்து மாற்றிப் பாருங்கள்: விளக்கு எரியக் கூடாது. இணைப்பு ஊசியைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்: எரியக் கூடாது. உங்கள் மிக நீண்ட வண்டியை நாக்கின் மேல் பத்து நிமிடம் நிறுத்தி, பின்னால் இன்னொரு வண்டியிலிருந்து எதிர்த் தடத்தைக் கேளுங்கள். பிறகு அதே வண்டியை அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பக் கேளுங்கள். போகிகளுக்கு இடையிலான ஓட்டை இருந்தால் இதில்தான் அகப்படும். தண்டவாளத்தில் மணல் தூவி மறுபடி செய்யுங்கள். கடைசியாகப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் ஏற்பு ஒப்பத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் தடத்தில் நிற்கும் பொறியாளருக்கு இருக்கிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
டிராம் தடப் பராமரிப்பிலும் சிக்னலிலும் வண்டி ஓட்டத்திலும் பணிபுரிவோர்