மதர் சீரியஸ்

தேவகோட்டை
16.11.2025

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது, இந்த வரியைத் தவிர வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போனில் பேசலாம் என்றால் உங்க அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் என் விரல் இரண்டு எழுத்தைச் சேர்த்து அமுக்குகிறது. மேலவீட்டுப் பெண் வியாழக்கிழமை மியூனிக் கிளம்புகிறது. அதனிடம் கொடுத்துவிடும் பொட்டலத்தில் இதை வைக்கிறேன்.

பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், சுக்கு இருக்கிறது. நெய் இல்லை. பால் சாமான், கறிச் சாமான் எதையும் அங்கே கொண்டுவரக் கூடாது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அதற்கு அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெர்மன் மொழி பி1 பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாயா? மீனா படித்துச் சொன்னாள். உன்னைப் போல ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி வைத்திருப்பவர்கள் பி1 முடித்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாமாம், இல்லாவிட்டால் 27 மாதமாம். ஆறு மாதம் சும்மா போகிறதே தம்பி. சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நீ படிக்கிற பிள்ளைதான், உட்கார மாட்டாய், அவ்வளவுதான்.

நம் ஊரில் மழை நன்றாகப் பெய்கிறது. ஊருணி நிறைந்துவிட்டது. கடையில் பையன் நின்றுவிட்டான், திருப்பூர் போய்விட்டான். நானே ஏணி ஏறுகிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே.

நீ முன்பெல்லாம் வேலை முடிந்து ராத்திரி பத்தரைக்குக் கூப்பிடுவாய். இப்போது மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாய். நான் வயரிங் ஆள், எனக்கு நேரக் கணக்கு வரும். அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததிலிருந்து நாலரை மணி நேரம் வித்தியாசம். அப்படியானால் அங்கே காலை ஒன்பதரை. செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு, வீட்டிலிருந்தே வேலை என்றாய். பின்னால் டிராம் மணி கேட்டது. ஜன்னல் திறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு மூன்று நிமிஷம் பேசினாய். புதுச் சட்டை போட்டாயா என்று அம்மா கேட்டதற்கு 'ம்' என்றாய். அந்த 'ம்'மை அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் எதையும் கேட்கவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் செப்டம்பரோடு முடிகிறது என்று நீ சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முடிந்தது என்று நீ சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பாய், எனக்குத்தான் மறந்திருக்கும்.

கடைக்கு வருகிறவர்களெல்லாம் உன்னைக் கேட்கிறார்கள். மின்வாரிய ஆள் ஒருவர், மகனுக்குக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் என்னமோ சாப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவன் மாதிரி அரை மணி நேரம் பேசினேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 2022-ல் விசாவுக்குக் காட்ட வேண்டிய பிளாக்டு அக்கவுண்டுக்கு 10,332 யூரோ கட்ட அம்மாவின் நகை போனதை நீ மறக்கக் கூடாது. எட்டு லட்சத்துக்கு மேல். இதைச் சொல்லக் கூடாது என்று இருந்தேன். பேனா எழுதிவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ மீனாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன். 'மீட்டிங்கில் எல்லோரும் ஜெர்மனில் சிரிக்கிறார்கள், நான் ஒரு செகண்ட் கழித்துச் சிரிக்கிறேன்' என்றாய். 'எனக்குக் கொடுப்பதெல்லாம் புரோகிராமில் சின்ன பக், சின்னத் தப்பு திருத்துவதுதான், அதையும் இப்போது ஏஐ எழுதிவிடுகிறது, நான் அது எழுதியதைப் படித்துப் பார்க்கிறேன்' என்றாய். அப்புறம், 'வந்ததே தப்போ' என்றாய். குழாயை மூடாமலே நின்றேன், கேட்டது தெரியக் கூடாது என்று.

அந்த ஒரு செகண்ட் எனக்குத் தெரியும் தம்பி.

என் குவைத் கதை உனக்குத் தெரியும். 1990 பிப்ரவரியில் போனேன், சண்டை வரப்போவது முன்பே மனதில் பட்டு ஜூனில் திரும்பிவிட்டேன், ஆகஸ்ட் 2-ஆம் தேதி சதாம் உள்ளே புகுந்தான். கல்யாண வீட்டிலெல்லாம் சித்தப்பா இதைச் சொல்லி, 'எங்க அண்ணனுக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு' என்பார். நான் பேசாமல் வெற்றிலை மடிப்பேன்.

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஓடி வந்தேன்.

சால்மியாவில் ஒரு கட்டடம். ஐடிஐ முடித்தவன், எலக்ட்ரீஷியன் என்றுதான் ஏஜென்ட் அனுப்பினான். அங்கே எனக்குக் கொடுத்தது பைப் அறுக்கிற வேலை. அறுப்பது, அறுத்த வாயில் பிசிறை ராவுவது, அடுக்குவது. ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பதற்குக்கூட நாலு மாதத்தில் ஒருநாள்தான் விட்டார்கள். ஃபோர்மேன் அரபியிலும் இந்தியிலும் ஏதோ சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், கடைசியாக. ஒன்பது பேர் படுக்கிற அறை. யாரும் என்னை அடிக்கவில்லை, சம்பளம் பாக்கி வைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் வெளியே சொல்ல முடியவில்லை. என்ன கொடுமை நடந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

மச்சானுக்குக் கடிதம் எழுதி ஒரு தந்தி அடிக்கச் சொன்னேன். 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி'. அதைக் காட்டி, ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்பத்தா அன்றைக்குக் களத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு 21 வருடம் இருந்தது. ஐயா ஊருணிக் கரை வயலை விற்றுத்தான் என்னை அனுப்பினார். வந்த அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'சாப்பிட்டியாடா' என்றார், அவ்வளவுதான். ஆகஸ்டில் பிபிசி தமிழோசையில் செய்தி வந்ததும் தெருவே நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்பத்தா பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய்த் தேங்காய் உடைத்தது. ஐயா மட்டும் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சிக்கந்தர் மாமா அதே அறையில் இருந்தவர். பாக்தாத் வழியாக பஸ்ஸில் அம்மான் வந்து, பாலைவனக் கூடாரத்தில் கிடந்து, ஏர் இந்தியாவில் பம்பாய் வந்தார். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை அப்படிக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஐ.நா. சபை அவருக்கு 4,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது. நீயும் மனு போடு என்று மச்சான் பாரம் கொண்டுவந்து கொடுத்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். பம்பாய் முத்திரை, ஜூன் 17. ஆகஸ்ட் 2-க்குப் பிறகு வெளியேறியவர்களுக்குத்தான் பணம். மூடி வைத்துவிட்டேன். சிக்கந்தர் மாமா சண்டை ஓய்ந்ததும் திரும்பக் குவைத்துக்கே போனார். நான் ஏணியைத் தூக்கினேன்.

நீ ஆறாவது படிக்கும்போது அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்து, 'அப்பா நீங்க பிளேன்ல போயிருக்கீங்களா' என்று கேட்டாய். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், இவன் போவான், இவன் நிற்பான் என்று. நீ மெக்கானிக்கல் கேட்டாய், நான் கம்ப்யூட்டர் என்றேன். நீ சென்னையில் வந்த வேலையைக் காட்டினாய், நான் ஜெர்மனி என்றேன். அதெல்லாம் உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். ஜூன் 17-ஐ அழிக்கத்தான் அனுப்பினேனோ என்று அந்தக் குழாயடியில் நிற்கும்போது தோன்றியது.

பிசிறு ராவுவதிலும் கை பழகும் தம்பி, அதையும் சொல்ல வேண்டும். ஏஐ எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கிறாயே, அது சின்ன வேலை இல்லை. பி1-ஐ மட்டும் எழுதிவிடு. இருந்தாலும் வந்தாலும் ஒரு சர்டிபிகேட் கையில் இருக்கும்.

2013-ல் தந்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் இப்படிச் செய்வோம். அடுத்த தடவை பேசும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள். 'அப்பா, கிணத்து மோட்டர் ஓடுதா' என்று மட்டும் கேள். டிக்கெட்டுக்குப் பணம் தபால் ஆபீசில் இருக்கிறது, மீனாவுக்குக்கூடத் தெரியாது. ஊருக்கு என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு. இருக்கப் போகிறாய் என்றால் மோட்டரைக் கேட்காதே, பரீட்சைத் தேதியைச் சொல்.

ஊறுகாய்க்கு இரண்டு கவர் போட்டிருக்கிறோம், அப்படியும் எண்ணெய் கசியும். பிரித்தவுடன் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடு. ஈரக் கரண்டி போடாதே.

இப்படிக்கு
அப்பா