பிரியர்லி குப்பையில் கண்டெடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எவர்சில்வர் பிறந்த கதையைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹாரி பிரியர்லி உதவாதென்று தூக்கியெறிந்த எஃகுத் துண்டு, பழைய இரும்புக் குவியலில் துருவேறாமல் பளபளத்ததைத் தற்செயலாகப் பார்த்தார் என்று முடித்துவிட்டீர்கள். கோவையில் 30 ஆண்டுகள் பவுண்டரி லேபில் சாம்பிள் தேய்த்தவன் நான். அந்த மனிதரின் உழைப்பை இந்தக் கதை விழுங்கிவிடுகிறதே என்று மனசு கேட்கவில்லை.

1871-ல் பிறந்த பிரியர்லியின் அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. பையன் 12 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, தாமஸ் ஃபிர்த் ஆலைக்கு வேலைக்குப் போனான். அங்கே சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவினான். வேலை நேரம் போக, ராத்திரி வகுப்பில் படித்தான். 1908-ல் ஃபிர்த், ஜான் பிரவுன் ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவரே தலைவர்.

1912-ல் துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் உட்புறம் தேய்ந்துபோகின்றன என்ற பிரச்சினை அவரிடம் வந்தது. அதற்காகத்தான் குரோமியத்தைக் கூட்டிப் பார்த்தார். 1913 ஆகஸ்டில் வார்த்த எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம்.

எங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததன் அருமை புரியும். சாம்பிளை எமரித் தாளில் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டு, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் நனைப்போம். அமிலம் லேசாக அரித்தால்தான் மைக்ரோஸ்கோப்பில் உள்ளமைப்பு தெரியும். அரிக்கவில்லையென்றால் அமிலம் பழசு என்று கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பது வழக்கம். பிரியர்லியோ அரிக்காமல் போனதையே சேதியாக எடுத்துக்கொண்டார். வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுப் பார்த்தார். ஷெஃபீல்ட் கத்தி செய்யும் ஊர். அன்றைய கத்திகளைச் சாப்பாடு முடிந்ததும் தேய்த்துத் துடைக்காவிட்டால் கறை ஏறிவிடும். துப்பாக்கிக்காகச் செய்த எஃகைச் சாப்பாட்டு மேசைக்கு நினைத்துப் பார்த்தாரே, அது தற்செயலா?

முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. கத்திக்காரர்களும் கைவிரித்தார்கள். கார்பன் எஃகைவிட இதை அதிகச் சூட்டில் பதப்படுத்த வேண்டும். பழகிய சூட்டில் செய்தால் கூர் நிற்காது. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கேலி பேசினார்கள். பிறகு மோஸ்லி கம்பெனியில் கத்திப் பிரிவைப் பார்த்துக்கொண்ட எர்னஸ்ட் ஸ்டூவர்ட் பொறுமையாகச் செய்து பார்த்தார். முதல் முயற்சிகள் தோற்றன. பிரியர்லியும் உடனிருந்த பிறகு கத்தி வந்தது. 'துருவில்லா எஃகு' என்று பிரியர்லி சொல்லிக்கொண்டிருந்ததற்கு 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயரைக் கொடுத்தவரும் ஸ்டூவர்ட்தான். பெட்டிச் செய்தியில் அவர் பெயரே இல்லை.

கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற தகராறில் 1915-ல் பிரியர்லி ஃபிர்த் கம்பெனியை விட்டு வெளியேறி, பிரவுன் பேலீஸ் ஆலைக்குப் போனார். 1920-ல் எஃகுத் துறைக்கான பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பிரியர்லியின் எஃகை 'உலகில் முதன்முதல்' என்று நீங்கள் எழுதியதையும் திருத்த வேண்டும். ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் மௌரர், ஸ்ட்ராவுஸ் இருவரும் நிக்கலும் சேர்த்த எஃகுக்கு 1912-லேயே காப்புரிமை கோரியிருந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த வகை. அதை 1924-ல் உருவாக்கிய ஹாட்ஃபீல்ட், பிரியர்லி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளருக்கு நெருங்கிய சொந்தம் இந்த வகைதான். பிரியர்லியின் எஃகு கத்தி இனம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பாட்டில் கழுவிய பையன், ஸ்டூவர்ட் இரண்டு பேருக்கும் அதில் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் ஊழியர்,
கோயம்புத்தூர்