‘ரத்தக்கசிவு பூஜ்யம்’ என்ற செய்திக்குப் பின்னால் ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியாவுக்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்று நாளிதழில் செய்தி வந்தால், பிள்ளையை அதில் சேர்க்கலாமா என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் விவரங்கள் பெரும்பாலும் அந்தச் செய்தியில் இருப்பதில்லை. எத்தனை பேர், என்ன வயது, எத்தனை மாதம் கவனித்தார்கள், உடம்பை எப்படித் தயார்செய்தார்கள் என்ற நான்கையும் தயவுசெய்து முதல் பத்தியிலேயே போடுங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேர். வயது 22 முதல் 41 வரை. எல்லோரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதம். மரபணு ஏற்றித் திருப்பிச் செலுத்திய அவர்களின் சொந்தச் செல்கள் உடம்பில் ஊன்றிய பிறகு ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபேக்டர் 8-இன் அளவு ஒருவருக்கு இயல்பில் 39.9 சதவீதம், இன்னொருவருக்கு வெறும் 1.7. அந்த 1.7-லும் கசிவு நின்றது என்பதுதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. நம் நாட்டில் நடந்த பெரிய காரியம் இது. ஆனால் இது முதல் கட்ட ஆய்வு, சிறுவர்கள் இதில் இல்லை.

இது ஒரே ஊசியில் முடிகிற வேலையும் அல்ல. முதலில் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தில் பிரித்தெடுப்பார்கள். ஆய்வகத்தில் லென்டிவைரஸ் என்ற, மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸ் வழியாக ஃபேக்டர் 8 மரபணுவை அவற்றில் ஏற்றுவார்கள். பிறகு கீமோ மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலிசெய்து, செல்களைத் திருப்பி ஏற்றுவார்கள். வேலூரில் 7 முதல் 11 நாள் வரை வெள்ளணு மிகவும் குறைந்திருந்தது. கிருமித்தொற்றுக்கு வழிவிடும் நாட்கள் அவை. ரத்தக்கசிவை நிறுத்த உதவும் தட்டணுவும் இறங்கும். ஃபேக்டரும் குறைவு, தட்டணுவும் குறைவு என்றால் ஆபத்து இரட்டிப்பு. கீமோவால் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றி இளைஞர்கள் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். மரபணு செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய் உட்காருவதால், ரத்தப் புற்றுநோய் வருகிறதா என்று பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் அனுமதி பெற்ற, ஏஏவி என்ற வேறொரு வைரஸ் மரபணுவைச் சுமந்து செல்லும் சிகிச்சைக்குக் கீமோ வேண்டாம், கல்லீரலுக்குப் போகும் ஒரே ஊசிதான். அதற்கு வேறு சிக்கல்: அந்த வைரஸுக்கு எதிர்ப்பணு ஏற்கெனவே உள்ளவர்களைப் பெரும்பாலான ஆய்வுகளில் சேர்க்கவில்லை. ஒருமுறை போட்டால் எதிர்ப்பணு உண்டாகிவிடுவதால் மறுமுறை போடவும் வழியில்லை.

இனி, ரத்தக்கசிவை வீட்டில் எழுதி வைக்கும் நோட்டு விஷயம். எந்த ஆய்விலும் ‘கசிவு குறைந்தது’ என்று சொல்ல, முன்பு எத்தனை இருந்தது என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கு வீட்டு நோட்டில்தான் இருக்கிறது. தேதி, நேரம், எந்த மூட்டு, அடிபட்டதா தானாக வந்ததா, எத்தனை யூனிட் ஃபேக்டர் மருந்து போட்டது என்று அன்றன்றே எழுத வேண்டும். ஃபேக்டர் குப்பியில் உள்ள லேபிளை உரித்து அதே வரியில் ஒட்டிவிட்டால் பேட்ச் எண்ணில் தப்பு வராது. மருந்து போட்ட 72 மணி நேரத்துக்குள் அதே மூட்டில் மறுபடி வீங்கினால் அது பழைய கசிவின் தொடர்ச்சி, புதிதாக எண்ணக்கூடாது. தேய்ந்த முழங்காலின் காலை நேர வலியையும் கசிவு என்று எழுதிவிடுகிறார்கள். கசிவு என்றால் முதலில் சுருக்கென்று ஒரு உணர்வு வரும், பிறகு சூடும் வீக்கமும் வரும். நோட்டில் இந்த வித்தியாசம் இல்லையென்றால், மருந்து வேலை செய்ததா என்பதே தெரியாமல் போகும்.

ஆய்வில் சேரக் கையெழுத்துப் போடுமுன் அதன் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் அந்தப் பதிவு கட்டாயம். ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அவகாசம் வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கிறதா பாருங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019-ம் ஆண்டு விதிகள் தரும் உரிமை. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

புதிய சிகிச்சை வரட்டும் என்று இப்போது போடும் ஃபேக்டரை யாரும் தள்ளிப்போட வேண்டாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மூட்டு ஒருமுறை கெட்டுவிட்டால் மரபணு சிகிச்சை அதைச் சரிசெய்யாது.

இப்படிக்கு,
ஹீமோபிலியா சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள்