காலர் நிமிர்ந்திருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் ஆண்கள் உடைகளில், காலர் நிமிர்ந்து நின்றாலே ‘ஷெர்வானி’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். விலையையும் அப்படியே வைக்கிறார்கள். வெட்டைப் பார்த்து வாங்குங்கள்.

ஷெர்வானி முழங்காலைத் தொடும், தாண்டவும் செய்யும். துணி கனம், உள்ளே லைனிங், இடுப்புக்குக் கீழே சற்று விரிவு. அச்கன் லேசான துணியில் உடம்போடு ஒட்டி நிற்பது. படங்களில் நேரு பெரும்பாலும் அணிந்திருப்பது இதைத்தான். ஜோத்பூரி இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் கோட்டு, பேண்டோடு போடலாம். அங்கர்க்காவில் ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் ஏறி நாடாவால் முடியப்படும். நம்மூர் மலாய்ச் சட்டையான பாஜு மெலாயு செக்காக் மூசாங்குக்கும் நிமிர்ந்த காலர்தான்; ஆனால் அதைத் தலைவழி மாட்ட வேண்டும், திறப்பு நெஞ்சோடு சரி. அதன் 5 பட்டன்களும் வழக்கமாகச் செருகிக் கழற்றுபவை என்பதால் இரு பக்கமும் காஜா எடுக்க வேண்டும்.

ஷெர்வானியைக் கண்ணாடி முன் நின்று மட்டும் பார்க்காதீர்கள். பட்டன் முழுவதும் போட்டு உட்காருங்கள். காலருக்குள் 2 விரல் நுழைய வேண்டும். நெஞ்சுப் பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் அளவு போதாது. பட்டனை நகர்த்தித் தருகிறேன் என்பார்கள். நகர்த்தினால் நடுக்கோடு விலகி, காலரின் இரு முனையும் நேராகச் சேராது. பக்கத் தையலில் துணி விட்டிருந்தால் பிரித்துத் தைக்கலாம். ரெடிமேடில் அது அபூர்வம்.

அடுத்து முன்பக்கத்தைக் கிள்ளிப் பாருங்கள். மேல்துணி தனியாக நழுவினால், விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணி தைத்தது. விறைப்பாக ஒரே தகடாக வந்தால் பசையால் ஒட்டியது. வியர்வையிலும் சலவையிலும் பசை விட்டு, நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பாலியஸ்டர் லைனிங்கோ வியர்வையை உறிஞ்சாது. காற்றாடி மட்டும் ஓடும் மண்டபத்தில் ஓமகுண்டத்தின் முன் உட்காரும் மாப்பிள்ளைக்குப் பருத்தி அல்லது ரேயான் லைனிங் போடச் சொல்லுங்கள்.

ஷெர்வானிக்குக் கீழே போடும் சுரிதார் காற்சட்டையைக் குறுக்குவெட்டில்தான், அதாவது இழைக்குச் சாய்வாகத்தான், வெட்ட வேண்டும். நேர்வெட்டு என்றால் சம்மணம் போட்டதும் முழங்காலில் இழுத்துப் பிரியும்.

ஷெர்வானி தைக்கக் கொடுப்பவர்கள், 44 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு ஏறத்தாழ 4 மீட்டர் எடுங்கள். ஒரே திசையில் பூ ஓடும் ஜரிகைத் துணியானால் அரை மீட்டர் கூடுதல். பூ பொருத்தாமல் வெட்டினால் பட்டன் வரிசையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்படிக்கு,
தையற்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்