நாற்பது சொல்லில் பீ.எச். அண்ணன்

மச்சான்,

உனக்குக் கடைசியாக எப்போது எழுதினேன் என்று தேடிப் பார்த்தேன். வேண்டாம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. சித்திரை வருஷத்துக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கு ஒரு கும்பிடு போட்டதோடு சரி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. பெரியவள் இந்த முறை ஏ.எல். பரீட்சை எடுக்கிறாள், வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது. எனக்கு பிரஷர் குளிசை ஒன்று இரண்டாகிவிட்டது. தங்கச்சியிடம் சுகம் கேட்டதாகச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மண்ணைத் தொட்டே அதன் புளிப்பளவை, பீ.எச்.ஐ, சொல்லும் நம்ம கள உதவியாளர் பீ.எச். அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார்.

நீ நம்பமாட்டாய். நாம் முதல் வருஷம் கம்பஸுக்கு வந்தபோதே அவர் 60 வயது மனிதர் மாதிரித்தான் இருந்தார். உண்மையில் 60 ஆனது இப்போதுதான். அப்படிப் பார்த்தால் அன்று அவருக்கு 34. நம்மை "தம்பி, செருப்பைக் கழட்டிட்டு நாற்றுமேடைக்குள்ள வாங்க" என்று விரட்டிய அந்தக் கிழவர் நம்மைவிட 13 வயதுதான் மூத்தவர். நாம் இப்போது அன்றைய அவரைவிடக் கிழவர்கள். யோசித்துப் பார், உனக்கும் ஒரு குளிசை கூடும்.

இதை ஒரு சாதாரண ஓய்வுச் செய்தியாக எழுதிவிட்டுப் போகத்தான் நானும் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கம்பஸின் விவசாய விரிவாக்கப் பிரிவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி மடல் போடுகிறது. மூன்று மொழியில். கடைசிப் பக்கம் ஊழியர் செய்திகள். தமிழ்ப் பக்கம் என் தலையில், ஏனென்றால் தமிழில் தட்டச்சுத் தெரிந்த ஒரே பிராணி நான்தான். ஒவ்வொருவருக்கும் 40 சொல்தான். மூன்று மொழிக்கும் ஒரே அளவுப் பெட்டி, தமிழ் எப்போதும் பெட்டியை விட்டு வெளியே நிற்கும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, தமிழ் எழுத்தை மட்டும் சின்னதாக்குவது. அச்சில் பார்த்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இந்த முறைச் செய்திகளை உனக்கு ஓசியில் தருகிறேன்: கொசுவலைக்கு சிரேஷ்ட விரிவுரையாளர் பதவி உயர்வு (ஆமாம், அதே கொசுவலைதான், சிரிக்காதே). சின்னப் புரொபசர் ஜப்பானிலிருந்து திரும்பிவிட்டார், இப்போது குனிந்துதான் வணக்கம் சொல்கிறார். கணக்குக் கிளையிலிருந்த அக்கா மாற்றலாகிப் போகிறார். ஜீப்புக்கு பட்டரி புதுசு. கொத்து ரொட்டி வழக்கு இன்னும் நிலுவையில்தான்.

அப்புறம் பீ.எச். அண்ணன்.

அந்தக் கொத்து ரொட்டிப் பந்தய வழக்கே அவரால் வந்ததுதானே. நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, ஓரத்தில் கிடந்த, புளித்த மண்ணில் வளரும் பன்னச் செடியையும் ஒரு பார்வை பார்த்து, "நாலு எட்டு இருக்கும்" என்றார், பீ.எச். 4.8 என்று. நீ மீற்றரை விட்டுப் பார்த்தாய், 5.6 காட்டியது. நீ துள்ளிக் குதித்தாய். அவர் நிதானமாக, "மீற்றரைக் கழுவிட்டு பஃபர் தண்ணில வச்சுட்டுத் திரும்பப் பாருங்க தம்பி" என்றார். திரும்பப் பார்த்தபோது 4.9. பந்தயத்தில் வென்றது யார் என்று 26 வருஷமாக நீ ஒப்புக்கொள்ளவில்லை. உன் ஊரில் சுண்ணாம்புக் கல்லின்மேல் படுத்துத் தூங்குகிறீர்கள், உனக்குப் புளித்த மண்ணின் அருமை எங்கே தெரியப்போகிறது! இங்கே புளிப்பை முறிக்கும் டொலமைட் சுண்ணாம்பு மூட்டையைத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏற்றிப் பார்த்தால் தெரியும்.

சரி, விளையாட்டை விடு. அந்த மனிதர் 31 வருஷமாக என்ன செய்தார் என்று நாங்கள் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பதுதான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பதவிப் பெயர் கள உதவியாளர். வேலை, சாம்பிள் எடுப்பது, நாற்றுமேடையைப் பார்ப்பது, பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கதிரை போடுவது. இதெல்லாம் எட்டரையிலிருந்து நாலே கால் வரை. அதற்குப் பிறகும் சனி ஞாயிறிலும் அவர் எங்கே போனார் என்பது எங்கள் எந்த ரெஜிஸ்தரிலும் இல்லை. லயத்துப் பக்கம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போனார், மச்சான். லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலியை ஒட்டி, தேயிலை மலையின் ஓரத்தில் நம்ம சனம் போட்டிருக்கும் கோவாப் பாத்தி (முட்டைக்கோசுதான்), லீக்ஸ் பாத்தி, நாலு வரிசை உருளைக்கிழங்கு. அந்தத் துண்டு நிலம் யாருடைய கணக்கில் வருகிறது சொல். கிராமத்துக்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். தோட்டம் கம்பெனியின் கையில். கம்பெனி உத்தியோகத்தருக்குத் தேயிலைதான் பயிர். நடுவில் இந்தப் பாத்தி யாருக்கும் இல்லை. காணி உறுதி இல்லாததால் உர மானியம் கேட்கப் போனால் "நீங்க விவசாயியா?" என்ற கேள்வி. கே.வி.எஸ். என்ற கிராம விவசாய உத்தியோகத்தர்கள் இருந்த காலத்தில் கிராமத்துக்கு ஒருவர் சைக்கிளில் வருவார் என்று அப்பா சொல்லுவார். எண்பதுகளின் கடைசியில் அவர்களையெல்லாம் கிராம சேவையாளர் ஆக்கினார்கள், சைக்கிளும் அதோடு நின்றது. அந்த சைக்கிள்கூட எங்கள் லயத்துக்கு வந்ததில்லை என்பதையும் அப்பாவே சொல்லுவார். விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்துக்கு போன் எடுக்கலாம் என்பாய். எடுக்கலாம். ஆனால் வேரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அந்த வேரைப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும்.

கோவாவுக்கு வேர் வீங்குகிற அந்த நோயை நினைவிருக்கிறதா? பகலில் இலை வாடித் தொங்கும், பொழுது சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பிடுங்கிப் பார்த்தால் வேரில் வள்ளிக்கிழங்கு காய்த்த மாதிரி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் போட்டோம். நான் அப்பாவின் திவசத்துக்கு லீவு. வேறு யாரோ ஆங்கிலப் பிரதியைக் கம்பியூட்டருக்குள் போட்டுத் தமிழை எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலப் பெயரில் கிளப் என்று ஒரு சொல், தடி என்ற அர்த்தத்தில், இருக்கிறதல்லவா? தமிழில் தலைப்பு, "கோவாவில் சங்க வேர் நோய்". இலை துளைக்கும் புழுவுக்கு (லீஃப் மைனர்) "இலைச் சுரங்கத் தொழிலாளி". ராகலைப் பக்கம் ஒரு பெரியவர் அதை வாசித்துவிட்டு, "இது எந்தச் சங்கத்து வேர் சேர்? நாங்க சந்தா கட்டுற சங்கமா, மத்ததா?" என்று கேட்டாராம். நான் வெட்கத்தில் எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னேன். பீ.எச். அண்ணன் விடவில்லை. "படம் நல்லா வந்திருக்கு சேர், காசு போட்டது" என்று கட்டோடு எடுத்துக்கொண்டு போனார். லயம் லயமாக, "எழுத்தை விடுங்க, படத்தைப் பாருங்க" என்று சொல்லியே கொடுத்து முடித்தார்.

அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. தாளில் இருந்தது, சுண்ணாம்பு போடுக, பயிரை மாற்றுக. அவர் பாத்தியில் நின்று கேட்பார்: அடுத்த போகம் என்ன போடப் போறீங்க? உருளைக்கிழங்கு என்றால், இப்போதே டொலமைட்டை அள்ளிக் கொட்டாதீங்க, கோவா பிழைக்கும், கிழங்குத் தோலில் சொறி விழும் என்பார். பாத்திக்குப் பக்கத்தில் தேயிலை என்றால், அந்தப் பக்கம் தூவாதீங்க, தேயிலைக்குப் புளிப்புத்தான் வேணும் என்பார். நோக்கோல், ராபு, கடுகு எல்லாம் கோவாவின் பங்காளிதான், கோவாவை எடுத்துவிட்டு நோக்கோல் போட்டால் அது மாற்றுப் பயிர் இல்லை, கரட்டும் போஞ்சியும் போடுங்க என்பார். முக்கியமாக, அடுத்தவன் மம்பட்டியை இரவல் வாங்காதீங்க. அந்தக் கிருமி 10 வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும், மம்பட்டியிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். நாம் பரீட்சைக்கு ஒரு பக்கம் எழுதிப் புள்ளி வாங்கிய விஷயம்தான் இது. அதை எந்தப் பாத்தியில், யாரிடம், எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய படிப்பு.

2021இல் அவர் பட்ட பாடும் உனக்குத் தெரியாது. மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, எங்களுக்குச் சேதனப் பசளைப் பயிற்சி நடத்தச் சொல்லி உத்தரவு. நவம்பரில் தடை போனது. இடையில் சனத்தின் முன்னால் போய் நின்றவர் அவர். நாங்கள் ஸூமில் இருந்தோம். திட்டெல்லாம் அவருக்கு, சான்றிதழ் எங்களுக்கு. ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

பிரியாவிடை நடந்தது. சால்வை, சுவர்க் கடிகாரம், கேக். சிங்களத்தில் இரண்டு பேச்சு, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் நான். நான்தான் சொதப்பினேன், வழக்கம்போல. கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். இரண்டு மொழியிலும் நன்றி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "சேர், ஸ்டோரில டொலமைட் மூட்டை தரையில கிடக்கு, பலகை போட்டு ஏத்திருங்க, மழை வருது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனித்தான் உனக்குச் சொல்ல வேண்டியது. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, அவர் போய் மூன்றாவது வாரம். கந்தப்பளைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், ஒரு நாள் பேரை (தோட்டத்துச் சம்பள நாளை) விட்டுவிட்டு, ரம்பொடை வளைவெல்லாம் பஸ்ஸில் சுற்றி இறங்கி எங்கள் ஒபீஸுக்கு வந்திருக்கிறாள். கையில் உரப்பை ஒன்று. அதற்குள் ஒரு கோவா, வேரோடும் மண்ணோடும். அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்பதைத் தமிழ் தெரியாததால் சைகையில் சொல்லி, உட்கார வைத்திருக்கிறார்கள். 11 மணியிலிருந்து இரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். நான் மேல்மாடியில் கூட்டத்தில். என்ன கூட்டம் தெரியுமா? செய்தி மடல் கூட்டம். அவருடைய ஓய்வுச் செய்தியில் எழுத்து எத்தனை பொயிண்ட் இருக்க வேண்டும் என்று நான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்த பயிற்சிப் பொடியன்கள் நல்ல பிள்ளைகள். தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். பையை வாங்கி, என்ன நோய் என்று பார்க்க வேரைக் கழுவியிருக்கிறார்கள். எங்கே கழுவினார்கள்? நாற்றுமேடைத் தொட்டியில். அடுத்த கிழமை வீட்டுத்தோட்டங்களுக்குக் கொடுக்க வைத்திருந்த கோவா நாற்றுக்கு அந்தத் தொட்டியிலிருந்துதான் பின்னேரம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவன் யார் என்று என்னைக் கேட்காதே.

எனக்குத் தெரியவந்தது மறுநாள். அந்த வேரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒரு வேர்தானே, ஏன் பெரிதாக்குகிறாய் என்றார்கள். நாற்றைக் கொடுக்க விடமாட்டேன் என்று நின்றுவிட்டேன். உனக்குத் தெரியும், எனக்கு அவ்வளவு தைரியம் வருவது 10 வருஷத்துக்கு ஒருமுறை. இரவு பீ.எச். அண்ணனுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முதலில் கேட்டது நாற்றைப் பற்றி இல்லை.

"அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா சேர்?"

எனக்குத் தெரியவில்லை, மச்சான். நான் கேட்கவே இல்லை.

காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நாற்றுத் தட்டுகளையெல்லாம் ஒரு குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூட வைத்தார், கம்போஸ்ட் குவியல் பக்கம் ஒன்றும் போகவிடவில்லை. தொட்டியை வடித்துத் தேய்க்க வைத்தார். அந்தப் பொடியன்களை நிறுத்தி, வேரை வெட்டிக் காட்டி, சிங்களத்தில் ஒரு மணி நேரம் பாடம். போகும்போது, அந்தப் பெண்ணின் பாத்தியை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். பஸ் காசைக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. ஒபீஸும் கொடுக்க முடியாது, அவர் இப்போது ஊழியர் இல்லையே. அந்த ஞாயிறு இன்றைக்குத்தான். மழை கொட்டுகிறது. அவர் அங்கே நிற்பார், நான் இங்கே உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய இடம் காலியாகத்தான் இருக்கும். புது நியமனம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 2022 முடிவில் 60 தாண்டியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனபோதே விழுந்த ஓட்டைகள் பல இன்னும் அடைபடவில்லை, இதையா அடைப்பார்கள்? அதனால் உன்னிடம் கேட்கிறேன். உன் கிளிநொச்சி அறிவியல் நகர் கம்பஸில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிறார்களல்லவா? கடைசி வருஷத்தில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு இங்கே அனுப்பு. லயத்துப் பிள்ளையென்றால் இன்னும் நல்லது. சிங்களம் கொஞ்சம் தெரிந்தால் போதும், மிச்சத்தை இங்கே பழகிக்கொள்ளலாம். காசு அதிகம் கிடைக்காது, என் வீட்டில் சாப்பிடலாம். பீ.எச். அண்ணனின் கால் ஏறும்வரை அவர் பின்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இல்லை என்று சொன்னால் கொத்து வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுப்பேன்.

செய்தி மடலுக்கு இப்படி எழுதிக் கொடுத்தேன்: "எமது பிரிவின் கள உதவியாளர் 31 வருட சேவையின் பின் ஓய்வு பெற்றார். மண் பார்ப்பார். தமிழிலும் சிங்களத்திலும் பேசுவார். லயங்களுக்குப் போவார். அவர் இடத்துக்கு இன்னும் எவரும் நியமிக்கப்படவில்லை." கடைசி வசனத்தை வெட்டச் சொல்கிறார்கள், ஊழியர் செய்தியில் குறை எழுதுவதில்லையாம். வெட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் 22 சொல்தான் வருகிறது. மிச்சம் 18 சொல்லை நீ எழுதி அனுப்பு. புதன்கிழமைக்குள் வேண்டும்.

இப்படிக்கு,
4.9

பி.கு.: கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் முடிவதற்குள் ஒரு பெட்டி அனுப்பு. வைக்கோலில் சுற்று. உன் ஊர்ச் சிவப்பு மண் ஒரு துளிகூட ஒட்டியிருக்கக்கூடாது, இப்போது நான் கதவிலேயே நின்று பரிசோதிக்கிறேன்.